ஒப்பனை ஊசிகளும் பெண்களின் உளநலமும்

ஒப்பனை ஊசி என்பது நோயைக் குணப்படுத்துவதற்காக அன்றி, தோற்றத்தை மாற்றும் பொருட்டு உடலினுள் செலுத்தப்படும் ஊசி மருந்துகளின் பொதுப்பெயர் ஆகும். முகச்சுருக்கத்தைத் தளர்த்தும் போட்டுலினம் நச்சு (போடாக்ஸ் என்னும் வணிகப் பெயரால் பரவலாக அறியப்படுவது), உதடு, கன்னம் முதலியவற்றைப் பூரிக்கச் செய்யும் நிரப்பிகள் (ஃபில்லர்), நிறத்தை வெளுக்கச் செய்யும் எனக் கூறி ஏற்றப்படும் குளூட்டாதயோன் ஆகியன இவற்றுள் முதன்மையானவை. உலகெங்கும் இவற்றைப் பெறுவோருள் பெரும்பான்மையினர் பெண்கள். இவ்வூசியை விரும்பி ஏற்கும் பெண்ணின் மனநிலை ஊசிக்கு முன்னும் பின்னும் எவ்வாறு உள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. தமிழ்நாட்டுச் சூழலுக்கு எடுத்துக்காட்டாகத் திருச்சிராப்பள்ளியும் அதன் பகுதியான திருவரங்கமும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

வரலாறும் செயல்முறையும்

போட்டுலினம் நச்சு முதலில் மருந்தாக அறியப்பட்டதன்று. ஜெர்மானிய மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினஸ் கெர்னர், கெட்டுப்போன இறைச்சியை உண்டு நோயுற்றோரையும் இறந்தோரையும் ஆராய்ந்து 1820களின் தொடக்கத்தில் இந்நச்சின் விளைவுகளை விரிவாகப் பதிவு செய்தார். இதனை உண்டாக்கும் நுண்ணுயிரியை அதே நூற்றாண்டின் இறுதியில் பெல்ஜியத்தின் எமில் வான் எர்மெங்கம் கண்டறிந்தார். நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளிப்படுவதைத் தடுத்துத் தசையைத் தளரச் செய்வதே இந்நச்சின் வேலை. அமெரிக்கக் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் இதனைச் சிற்றளவில் மாறுகண்ணைச் சரிசெய்யப் பயன்படுத்தினார். 1989இல் மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளித்தது.

இது ஒப்பனைப் பொருளாக மாறியதற்குக் காரணம் ஒரு பெண்ணின் கோரிக்கை என்பது குறிப்பிடத்தக்கது. 1987இல் கனடாவின் வான்கூவர் நகரில் கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸ் இமை இழுப்புக்காக ஊசியிட்டு வந்தார். புருவங்களின் நடுவில் ஊசி போடவில்லையே என்று அவரிடம் ஒரு பெண் குறைபட்டுக்கொண்டார். அவ்விடத்தில் போட்டால் தம் முகம் கவலையற்று அமைதியாகத் தெரிகின்றது என்பதே அவர் கூறிய காரணம். சுருக்கம் மறைவதை அவர் பெரிதாகச் சொல்லவில்லை; கவலை மறைவதையே சொன்னார். ஜீன் கருதர்ஸும் தோல் மருத்துவரான அவருடைய கணவர் அலஸ்டேர் கருதர்ஸும் தம் ஆய்வை 1992இல் வெளியிட்டனர். 2002இல் புருவ இடைச் சுருக்கத்திற்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

நிரப்பிகளில் இன்று மிகுதியாகப் பயன்படுவது ஹையலூரோனிக் அமிலம். இது நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே உள்ள பொருள். 1934இல் மாட்டின் கண்ணிலிருந்து இதனைக் கார்ல் மேயர், ஜான் பால்மர் ஆகியோர் பிரித்தெடுத்தனர். இவ்வகை நிரப்பி அமெரிக்காவில் 2003இல் ஒப்புதல் பெற்றது. விரும்பாவிடில் ஹையலூரோனிடேஸ் என்னும் நொதியைச் செலுத்தி இதனைக் கரைத்துவிட இயலும். அரிதாக, நிரப்பி இரத்தக் குழாயை அடைத்துத் தோல் அழுகலையோ பார்வை இழப்பையோ உண்டாக்கக்கூடும்.

உளநல நோக்கில் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி, இவ்வூசிகளின் பயன் நிலையானதன்று என்பதாகும். போட்டுலினம் ஓரிரு வாரங்களில் முழுப்பயன் தந்து, மூன்று நான்கு மாதங்களில் தேய்ந்துவிடும். நிரப்பிகள் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை நிற்கும். ஆகவே ஊசியிடுவது ஒருமுறை எடுக்கும் முடிவாக நின்றுவிடாமல், திரும்பத் திரும்ப எடுக்கப்படும் முடிவாக அமைகின்றது.

ஏன் தேர்ந்தெடுக்கின்றனர்

ஊசி போட்டுக்கொள்ளும் பெண்ணைப் பற்றி இரண்டு எளிய கருத்துகள் நிலவுகின்றன. அவர் வீண் ஆடம்பரக்காரர் என்பது ஒன்று; விளம்பரங்களால் ஏமாற்றப்பட்டவர் என்பது மற்றொன்று. இரண்டும் அப்பெண்ணிடம் கேளாமலே கூறப்படுபவை. அமெரிக்காவில் பல மருத்துவ நிலையங்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரிடம் கேட்டறிந்து 2018இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், பெரும்பாலோர் கணவருக்காகவோ துணைவருக்காகவோ அன்றித் தமக்காகவே வந்ததாகக் கூறினர். மகிழ்ச்சி, தன்னம்பிக்கை, பணியிடத்தில் மதிப்பு ஆகியவை அவர்கள் சொன்ன காரணங்களுள் அடங்கும்.

ஆயினும் "எனக்காகவே" என்னும் விடையை அப்படியே ஏற்பதில் சிக்கல் உண்டு. பார்ப்போரின் கண்ணால் தன் உடலைத் தானே ஓயாமல் கண்காணிக்கும் பழக்கம் பெண்களிடம் சிறு வயதிலேயே படிந்துவிடுகின்றது என்று பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் ஆகிய உளவியலாளர்கள் 1997இல் வாதிட்டனர். இது பொருளாக்கக் கோட்பாடு எனப்படுகின்றது. அவ்வாறாயின், தனக்காக விரும்புவதையும் பிறருக்காக விரும்புவதையும் கத்தியால் வெட்டியதுபோல் பிரிக்க இயலாது. எனினும் இதனால் பெண்ணின் விருப்பம் பொய்யாகிவிடுவதில்லை. நாம் உடுத்தும் ஆடையும் வைத்துக்கொள்ளும் பொட்டும் அவ்வகையினவே.

ஆய்வுகள் கூறுவன

ஊசி போட்ட இடத்தைப் பொறுத்தவரை பெரும்பாலான பெண்கள் மனநிறைவு அடைகின்றனர். இதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் "நெற்றி நன்றாக இருக்கின்றது" என்பதும் "நான் நன்றாக இருக்கின்றேன்" என்பதும் ஒன்றல்ல. முன்னதில் தெளிவான முன்னேற்றம் தெரிகின்றது. பின்னதில், அதாவது பொதுவான தன்மதிப்பில், மாற்றம் சிறியதாகவோ ஆய்வுக்கு ஆய்வு முரண்பட்டதாகவோ உள்ளது.

ஒப்பனை அறுவையின் உளவியல் விளைவுகள் குறித்து அதுவரை வெளிவந்த ஆய்வுகளை ராபர்ட்டா ஹானிக்மன், கேத்தரின் பிலிப்ஸ், டேவிட் காசில் ஆகியோர் 2004இல் தொகுத்து ஆராய்ந்தனர். பெரும்பாலோர் நலமுடன் இருந்தனர். யாருக்கு நலம் கிட்டவில்லை என்பதே அத்தொகுப்பின் மதிப்புமிக்க பகுதி: நடக்கவியலாததை எதிர்பார்த்தோர், பிறர் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய குறைக்காக வந்தோர், முன்பு செய்த சிகிச்சையில் நிறைவடையாதோர், உறவைக் காப்பாற்றிக்கொள்ளும் நோக்குடன் வந்தோர், மனச்சோர்வோ பதற்றமோ ஏற்கெனவே இருந்தோர். இது அறுவை பற்றிய ஆய்வாயினும், ஊசிக்கும் பொருந்தும் என்றே மருத்துவர்கள் கொள்கின்றனர். சுருங்கக் கூறின், விளைவைப் பெருமளவு தீர்மானிப்பது ஊசி அன்று. அதனிடம் என்ன கேட்கப்பட்டது என்பதாகும். சுருக்கத்தைக் குறை என்று கேட்டால் ஊசியால் அது இயலும். விலகிச் செல்லும் கணவரைத் திரும்பக் கொண்டுவா என்று கேட்டால் இயலாது.

மனச்சோர்வுக்கே போட்டுலினம் மருந்தாகுமா என்னும் கேள்வியும் எழுந்தது. முகபாவம் மனத்தைப் பின்தொடர்வது மட்டுமன்றி, மனமும் முகபாவத்தைப் பின்தொடர்கின்றது என்னும் கருத்து சார்ல்ஸ் டார்வின், வில்லியம் ஜேம்ஸ் காலத்திலிருந்தே உள்ளது. முகம் சுளிக்க இயலாவிடில் சோகமும் குறையும் என்பது இதன் நீட்சி. 2006இல் எரிக் ஃபின்சி, எரிக்கா வாசர்மன் ஆகியோர் மனச்சோர்வுற்ற 10 பேருக்குப் புருவ இடையில் ஊசியிட்டனர். இரு மாதங்களில் 9 பேருக்கு மனச்சோர்வு நீங்கியதாக அறிவித்தனர். 2012இல் மார்க் அக்செல் வோல்மரும் குழுவினரும் 30 பேரிடம் வெற்று மருந்துடன் ஒப்பிட்டுச் செய்த ஆய்விலும் நல்ல பயன் தெரிந்தது. பின்னர் 255 பெண்களிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான பெரிய ஆய்வில், ஆறாம் வாரத்தில் குறைந்த அளவு மருந்து (30 அலகு) பயனை நெருங்கி நின்றது. கூடிய அளவு (50 அலகு) வெற்று மருந்தை விஞ்சவில்லை.

இவ்வகை ஆய்வுகளில் ஓர் அடிப்படைத் தொல்லை உண்டு. யாருக்கு உண்மை மருந்து, யாருக்கு வெற்று மருந்து என்பதை மறைத்து வைத்தால்தான் ஒப்பீடு செல்லும். ஆனால் கண்ணாடி முன் நின்று புருவத்தை நெரித்துப் பார்க்கும் எவருக்கும் விடை தெரிந்துவிடுமே! முகபாவத்தை மாற்றுவதால் உணர்ச்சியில் உண்டாகும் மாற்றம் மிகச் சிறிதாக இருக்க, இச்சோதனைகளில் மட்டும் இவ்வளவு பெரும் பயன் தெரிவது நம்பத்தக்கதன்று என நிக்கோலஸ் கோல்ஸும் பிறரும் 2019இல் சுட்டிக்காட்டினர். ஆகவே மனச்சோர்வுக்கு மருந்து என எண்ணி ஒப்பனை ஊசியை நாடுவதற்கு இன்றுள்ள சான்றுகள் போதா.

உடல் தோற்றக் கலக்கக் கோளாறு

தன் தோற்றத்தில் பிறருக்குத் தெரியாத அல்லது மிகச் சிறிய குறை ஒன்றையே நாள் முழுதும் எண்ணி வருந்துதல், கண்ணாடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தல் அல்லது முற்றிலும் தவிர்த்தல், பிறர் முகத்தோடு ஓயாமல் ஒப்பிடுதல் ஆகியவை உடல் தோற்றக் கலக்கக் கோளாற்றின் அறிகுறிகள் ஆகும். (பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்று மருத்துவமனைகளில் வழங்கப்படுவது இதுவே.) 1891இல் இத்தாலிய மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி இதனை முதன்முதலில் விவரித்தார். அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதனை எண்ணச் சுழற்சி நோயுடன் (ஓ.சி.டி.) தொடர்புடைய பிரிவில் சேர்த்தது. அக்கையேட்டின்படி அமெரிக்கப் பெண்களில் 2.5 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 2.2 விழுக்காட்டினருக்கும் இக்கோளாறு உள்ளது. இது பெண்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவது தவறு. தோல் மருத்துவரிடம் வருவோரில் இது 9 முதல் 15 விழுக்காடு வரை உயர்கின்றது.

இவ்வெண்ணின் பொருள் எளிது. தோல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பத்துப் பேர் அமர்ந்திருந்தால், அவர்களுள் ஒருவருக்குத் தேவைப்படுவது வேறொரு மருத்துவராக இருக்கலாம். இக்கோளாறு உடையோர் ஊசியோ அறுவையோ செய்துகொண்டபின் கோளாறு தணிவது மிக அரிது. மூக்கிலிருந்த கவலை கன்னத்திற்குச் செல்லும். அல்லது "முன்பு நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டேன்" என்னும் புதிய வருத்தம் பிறக்கும். தற்கொலை எண்ணம் இக்கோளாற்றில் மிகுதி என்பதால் இதனை வெறும் அழகுக் கவலையாகக் கருதிவிடக் கூடாது. அறிதல்-நடத்தைச் சிகிச்சையும், ஃபுளூவாக்செட்டின் போன்ற செரோட்டோனின் சார்ந்த மருந்துகளும் இதற்குப் பயன் தருகின்றன.

திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவான திருவரங்கம், தனி நகராட்சியாக இருந்து 1994இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. நகரின் மருத்துவ நிலையங்கள் ஆற்றின் தென்கரையில் தில்லைநகர், புத்தூர்ப் பகுதிகளில் செறிந்துள்ளன. ஹோலி கிராஸ் கல்லூரி (1923), சீதாலட்சுமி ராமசாமி கல்லூரி (1951) முதலிய பழம்பெரும் மகளிர் கல்லூரிகளும் இந்நகரில் உள்ளன.

இத்தகைய நகரில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தவர்களால் பார்க்கப்படும் முகம். உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ காலையில் நடந்து செல்பவர், தம்மைச் சிறு வயது முதல் அறிந்த பலரைக் கடந்தே செல்ல வேண்டும். கல்யாண வீட்டில் நலம் விசாரிப்பு பெரும்பாலும் தோற்றத்திலேயே தொடங்கும்: "என்ன இப்படிக் கறுத்துப் போயிட்டே?", "கண்ணெல்லாம் உள்ள போயிருக்கே, உடம்பு சரியில்லையா?" கேட்பவருக்கு இது அன்பு, கேட்கப்படுபவருக்கு எப்பொழுதும் அவ்வாறு இருப்பதில்லை. பெண் பார்க்கும் சடங்கும், நிறத்தைக் குறிப்பிட்டு வரும் மணமகள் தேவை விளம்பரங்களும் இவ்வுற்றுநோக்கலை மேலும் கூர்மையாக்குகின்றன.

தோற்றத்தைப் பேணுவது இங்குப் புதிதன்று. கஸ்தூரி மஞ்சள், பயற்றம்பருப்பு, பூலாங்கிழங்கு சேர்த்து அரைத்த நலங்கு மாவு இன்றும் வீடுகளில் உண்டு. ஆனால் நலங்கு என்பது அத்தையும் சித்தியும் கூடி, பாட்டும் கேலியுமாகச் செய்வது, வெளிப்படையானது. ஒப்பனை ஊசியோ தனியே சென்று போட்டுக்கொள்வது, பெரும்பாலும் மறைக்கப்படுவது. உளநல நோக்கில் இவ்வேறுபாடு முதன்மையானது. ஊசியை மறைக்கும் பெண், "முகம் தெளிஞ்சிருக்கே" என்னும் பாராட்டையும் முழுமையாக ஏற்க இயலாது. அது தமக்குரியதா மருந்துக்குரியதா என்னும் ஐயம் உடனே எழும். வீக்கமோ கண்ணிமைத் தொய்வோ ஏற்பட்டால், வீட்டாரிடம் சொல்லத் தயங்கி மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடவும் கூடும். நிரப்பி இரத்தக் குழாயை அடைத்த நிலையில் சில மணி நேரத் தாமதமும் தீங்காகும்.

நிறமும் குளூட்டாதயோன் ஊசியும்

மேலை நாட்டு ஆய்வுகள் முதுமையைப் பற்றியே மிகுதியும் பேசுகின்றன. தமிழ்நாட்டில் அதற்கு இணையான, சில வேளைகளில் அதனினும் ஆழமான காயம் நிறத்தைப் பற்றியது. 1975இல் விற்பனைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி என்னும் பசைக்கூழ், 2020இல் தன் பெயரிலிருந்து "ஃபேர்" என்னும் சொல்லை நீக்கியது. சென்னையைச் சேர்ந்த விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009இல் "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் பின்னர் அதற்குக் குரல் கொடுத்தார்.

குளூட்டாதயோனைத் தோல் வெளுப்புக்காக ஊசியாகச் செலுத்த இந்தியாவில் ஒப்புதல் இல்லை. இது கல்லீரல் நோய் போன்றவற்றிற்கான மருந்து. பிலிப்பீன்சு நாட்டின் மருந்து நிர்வாகம் இவ்வூசியின் ஒப்பனைப் பயன்பாட்டுக்கு எதிராக 2011இல் எச்சரித்தது. கிடைக்கும் சிறு மாற்றமும் ஊசியை நிறுத்தினால் நிற்பதில்லை. சுருக்கம் வயதால் வருவது, அனைவருக்கும் வருவது. நிறமோ பிறப்பால் வருவது. ஆகவே நிறத்தை மாற்ற முயன்று தோற்கும் பெண், ஒரு சிகிச்சை பலிக்கவில்லை என்று கொள்ளாமல், தம்மிடமே குறை இருப்பதாகக் கொள்ள நேர்கின்றது. இதனை மற்ற ஊசிகளோடு ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது.

ஊசிக்கு முன்

நல்ல மருத்துவர் ஊசியை எடுக்குமுன் சிலவற்றைக் கேட்பார். எது உங்களை உறுத்துகின்றது, எப்பொழுது முதல், அதனை நாளுக்கு எவ்வளவு நேரம் எண்ணுகின்றீர்கள், அதற்காக வெளியே செல்வதைத் தவிர்த்தது உண்டா, முன்பு வேறெங்கும் ஊசி போட்டதுண்டா, இது மாறினால் வாழ்க்கையில் வேறு என்ன மாறும் என நினைக்கின்றீர்கள்? கடைசிக் கேள்விக்கான விடையே பெரும்பாலும் மற்றவற்றைவிட மிகுதியாகச் சொல்லும். மணமுறிவு, மகப்பேறு, நெருங்கியவரின் இறப்பு ஆகியவற்றை அடுத்த சில வாரங்களில் முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுவது நன்று. பெண்ணுடன் வருபவரே (தாய், மாமியார், கணவர் யாராயினும்) எல்லாவற்றிற்கும் விடையளித்தால், மருத்துவர் பெண்ணிடம் தனியே பேச வேண்டும்.

சட்டமும் மேற்பார்வையும்

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்கள் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் 2018ஆம் ஆண்டு விதிகளின்படியும் பதிவு செய்யப்பட வேண்டும். பட்டறையில் பார்த்தோ யூடியூபில் பார்த்தோ கற்பது அழகியல் சிகிச்சை செய்யப் போதிய பயிற்சி ஆகாது எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவுறுத்தியது. இவ்வெச்சரிக்கையின் தேவையைத் திருச்சிராப்பள்ளி நேரில் கண்டது. 2024 டிசம்பரில் இந்நகரின் பச்சை குத்தும் கடை ஒன்றில், மருத்துவத் தகுதியின்றி நாக்கைப் பிளக்கும் அறுவையைச் செய்ததாக இருவர் கைது செய்யப்பட்டனர். மாநகராட்சி அக்கடைக்கு முத்திரையிட்டது. இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்டோருக்கு ஒப்பனை நோக்கில் போட்டுலினமோ நிரப்பியோ செலுத்துவது 2021 அக்டோபர் முதல் குற்றமாகும்.

உதவி

உளநலச் சேவையில் திருச்சிராப்பள்ளிக்குத் தனி இடம் உண்டு. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதன்முதலில் 1997இல் இம்மாவட்டத்திலேயே தொடங்கப்பட்டது. புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி. ஆ. பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது. தோல் நோய்ப் பிரிவும் மனநலப் பிரிவும் அங்கு ஒரே நிறுவனத்தில் உள்ளமையால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பப்படுவது எளிது. நேரில் செல்லத் தயங்குவோர் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் தமிழில் அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இச்சேவை தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்னும் பெயரில் வழங்குகின்றது. அழைப்பவர் தாம் ஊசி போட்டுக்கொண்டதைப் பற்றி வீட்டில் எவரிடமும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.